சீத்தாப்பழ விதையும் புற்றுநோய் உயிரணுவும்



மழை ஓய்ந்து ஐப்பசி நெருங்கும் வேளையில், ஐதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களின் தெருக்களில் சீத்தாப்பழக் கூடைகள் வந்து இறங்குவதை இங்கு வாழும் தமிழர் அனைவரும் அறிவர். மகபூப்நகர் வட்டாரத்துப் பாறைக் குன்றுகளிலும் புதர்க் காடுகளிலும் தானாகவே விளையும் பழம் அது. தெலுங்கு மக்கள் அதனைச் சீதாபலம் என்பர். நாம் சீத்தாப்பழம் என்கிறோம். பெயரில் இராமாயண மணம் வீசினாலும், அம்மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளே என்று தாவர நூலார் கூறுவர். வெண்ணிறச் சதையைச் சுவைத்துவிட்டு, வழவழப்பான கரிய விதைகளை நாம் துப்பிவிடுகிறோம். நாம் துப்பிவிடும் அவ்விதையைப் பற்றியதே இன்றைய பேச்சு.

இந்நகரின் கிழக்குப் பகுதியில், உப்பல் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, மூன்று பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்திருக்கின்றன. ஒன்று, நிஜாம் ஆட்சிக் காலத்தில் 1944இல் தோன்றி, இன்று இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம் எனப் பெயர் பெற்றுள்ள நிலையம். மற்றொன்று, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இது நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தது. நீலகிரியிலுள்ள குன்னூரில் பிறந்து, 1958இல் ஐதராபாத் வந்து சேர்ந்தது. மூன்றாவது, 1977இல் தொடங்கப்பெற்ற உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். சீத்தாப்பழ விதையின் சாரத்தை மார்புப் புற்றுநோய் உயிரணுக்களின் மேல் இட்டுச் சோதித்துப் பார்த்தவர்கள் இம்மூன்றாவது நிலையத்து அறிஞர்களே. அவர்கள் என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள், அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த ஆராய்ச்சி நம் இல்லங்களைத் தொடும் காரணம் ஒன்று உண்டு. இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், மார்புப் புற்றுநோயே. உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் இந்நோயால் மாண்டவர் 98,000 பேருக்கு மேற்பட்டவர். இவ்வாறு பரவியுள்ள நோய்க்கு, நம் தோட்டத்துப் பழமே மருந்து என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்க எந்தக் காதுதான் மறுக்கும்? கைப்பேசி வழியே நாள்தோறும் வரும் செய்திகளில் இப்பேச்சு ஓயாமல் ஒலிக்கிறது. 'ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது' என்ற சொற்றொடரும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சொற்றொடரின் உண்மைப் பொருள் யாது என்பதே நம் கேள்வி.

தாவரங்களிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைக்கும் என்ற எண்ணத்தை எள்ளி நகையாடுவதற்கில்லை. நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலையை நீரிழிவுக்கு மருந்தாகப் பல நாட்டு மக்கள் பயன்படுத்தினர். ஜமைக்காத் தீவிலிருந்து வந்த இலைகளைக் கொண்டு, கனடா நாட்டு அறிஞர்களான நோபிள், பீர் ஆகிய இருவரும் எலிகளிடம் சோதனை நடத்தினர். இரத்தத்திலுள்ள சர்க்கரை குறையவில்லை. மாறாக, வெள்ளை அணுக்கள் குறைந்தன. வேறொருவராயின் சோதனை தோற்றது என்று விட்டிருப்பர். அவர்களோ, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவக்கூடும் அன்றோ என்று எண்ணினர். 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதன் உடன்பிறப்பாகிய வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தலையாய மருந்துகளுள் ஒன்றாக விளங்குகிறது.

மார்புப் புற்றுநோய்க்கே பயன்படும் மற்றொரு மருந்து டாக்ஸால். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் யூ என்னும் மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தனர். வால், வாணி என்ற இரு வேதியியலார் அதன் வீரியப் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டனர். அது உயிரணுவை எவ்வாறு தாக்குகிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் விளக்கினார். கருப்பைக்கு அருகிலுள்ள சூலகத்தின் புற்றுநோய்க்கு 1992இலும், மார்புப் புற்றுநோய்க்கு 1994இலும் அமெரிக்க அரசின் இசைவு கிடைத்தது. பட்டையை உரித்த நாள் முதல் மார்புப் புற்றுநோய் நோயாளியின் படுக்கையை மருந்து எட்டும் வரை 32 ஆண்டுகள் சென்றன. இந்த எண்ணைச் சற்று நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இனி ஆய்வுக்கூடத்தினுள் நுழைவோம். அங்கே சோதிக்கப்படுவது நோயாளி அல்லர். கண்ணாடிக் குடுவையில் வாழும் உயிரணுக்கள். மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சியில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் உயிரணுக் குலத்திற்கு எம்.சி.எஃப்.-7 என்று பெயர். 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 69 வயதான கிறித்தவக் கன்னித்துறவி ஒருவர் மார்புப் புற்றுநோயால் துன்புற்றார். அவருடைய நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுத்த உயிரணுக்களை, ஹெர்பர்ட் சூல் என்னும் அறிஞர் கண்ணாடிக் கலத்தில் வளர்க்க முயன்றார். முயற்சி பலமுறை தோற்றது. ஏழாவது முயற்சி வென்றது. பெயரின் ஈற்றிலுள்ள 7 என்னும் எண் அதனைக் குறிக்கிறது. அத்துறவி மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவருடைய உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து வாழ்கின்றன, ஐதராபாத்திலும் வாழ்கின்றன. உலகின் எத்தனையோ பெண்களுக்காக அவர் அறியாமலே செய்துவரும் தொண்டு அது.

இவ்வுயிரணுக்களை வளர்ப்பது, பச்சிளங் குழந்தையை வளர்ப்பதற்கு ஒப்பான வேலை. சர்க்கரை, உப்பு, அமினோ அமிலங்கள் அடங்கிய ஊட்டநீரில், கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்னும் தெளிநீரையும் கலந்து அவற்றிற்கு உணவாக அளிக்கின்றனர். மனித உடலின் வெப்பமாகிய 37 பாகையும், நூற்றுக்கு 5 பங்கு கரியமில வாயுவும் உள்ள பெட்டியில் வைத்துக் காக்கின்றனர். ஒரு துளிப் பூஞ்சைக் காளான் புகுந்தாலும் வளர்ப்பு முழுதும் வீணாகும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஊட்டநீரை மாற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையென்றோ, பண்டிகையென்றோ உயிரணுக்கள் அறியா.

அடுத்து, பழத்தின் சாரம். விதையை உலர்த்திப் பொடித்து, முதலில் அதிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்குவர். பிறகு ஒரு பகுதியை நீரிலும், மற்றொரு பகுதியை ஆல்கஹால் போன்ற கரைப்பானிலும் ஊறவைத்து வடிப்பர். நீரில் கரைவன ஒரு கூட்டம். கரைப்பானில் கரைவன வேறொரு கூட்டம். கஷாயத்தையும் தைலத்தையும் வெவ்வேறாகக் காய்ச்சும் நம் வைத்தியர்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர். வடித்ததை வற்றச் செய்து, கிடைத்த பிசினை நிறுத்து, இன்ன அளவு என்று திட்டமாகக் கரைத்து வைத்துக்கொள்வர். ஒரு சாரத்தில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும் என்பதை மறத்தலாகாது.

சோதனைத் தட்டு உள்ளங்கையளவே இருக்கும். அதில் 96 சிறு குழிகள். பல்லாங்குழிப் பலகையைச் சுருக்கிப் பலமடங்காக்கியது போன்ற தோற்றம். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் உயிரணுக்களை இட்டு, ஓரிரவு ஒட்டி வளர விடுவர். மறுநாள் சில குழிகளில் சாரத்தைக் குறைந்த அளவிலும், சிலவற்றில் மிகுந்த அளவிலும் சேர்ப்பர். சில குழிகளில் சாரமின்றிக் கரைப்பானை மட்டும் இடுவர். மாற்றம் நேர்ந்தால் அது கரைப்பானின் வேலையா, சாரத்தின் வேலையா என்று பிரித்தறிவதற்காக. வேறு சில குழிகளில், முன்னமே மருத்துவமனைகளில் வழங்கும் மருந்தொன்றை இடுவர். ஒப்பிட்டு எடைபோட ஒரு படிக்கல் வேண்டும் அல்லவா?

ஒன்று முதல் மூன்று நாள் கழித்து, எத்தனை உயிரணுக்கள் பிழைத்தன என்று எண்ண வேண்டும். இதற்கு 1983இல் மாஸ்மன் என்பவர் ஓர் எளிய வழியை வகுத்தார். எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிறச் சாயத்தைக் குழிகளில் இடுவர். உயிருள்ள அணுக்கள் அதனை ஊதா நிறப் படிகமாக மாற்றும்; மாண்ட அணுக்கள் மாற்றா. படிகங்களைக் கரைத்து, ஒளியைச் செலுத்தி, நிறத்தின் அழுத்தத்தைக் கருவியால் அளப்பர். ஊதா மிகுந்தால் உயிர் மிகுதி. வெளிறினால் உயிர் குறைவு. உயிரணுக்களின் தொகையைப் பாதியாகக் குறைப்பதற்குச் சாரம் எவ்வளவு தேவைப்படுகிறது என்னும் அளவே முடிவின் சுருக்கம். அந்த அளவு எத்துணைச் சிறியதோ, சாரத்தின் வீரியம் அத்துணைப் பெரியது.

ஐதராபாத் உயிரணு மையத்து அறிஞர்கள் சீத்தாப்பழ விதைச் சாரத்தைப் பற்றி 2004இலும் 2005இலும் தம் முடிவுகளை வெளியிட்டனர். முதலில் எலியின் கழலை உயிரணுக்களைச் சோதித்தனர். பின்னர் மனிதரிடமிருந்து பெற்ற மூவகை உயிரணுக் குலங்களை எடுத்துக்கொண்டனர். ஒன்று, நாம் முன்னே கண்ட மார்புப் புற்றுநோய்க் குலமாகிய எம்.சி.எஃப்.-7. இரண்டாவது, இரத்தப் புற்றுநோய்க் குலமாகிய கே-562. மூன்றாவது, பெருங்குடல் புற்றுநோய்க் குலமாகிய கோலோ-205. நீர்ச்சாரம், கரைப்பான் சாரம் ஆகிய இரண்டுமே முதலிரு குலங்களைக் கொன்றன. மூன்றாவதாகிய குடல் உயிரணுக்களை அவ்வாறு கொல்ல அவற்றால் இயலவில்லை.

உயிரணுக்கள் எவ்வாறு மாண்டன என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். உயிரணுவுக்கு இருவகைச் சாவு உண்டு. அடிபட்டுச் சிதைந்து, உள்ளடக்கத்தைச் சுற்றுப்புறத்தில் கொட்டிவிட்டுச் சாவது ஒன்று. தனக்குள் எழுதப்பட்ட விதிப்படி, ஒழுங்காக ஒடுங்கிச் சாவது மற்றொன்று. தவளைக் குஞ்சின் வால் மறைவது இந்த இரண்டாம் முறையால்தான். புற்றுநோய் உயிரணு இவ்விதியை மறந்த ஒன்று. சாக வேண்டிய காலத்தில் சாவதில்லை. சீத்தா விதைச் சாரம் பட்ட மார்புப் புற்றுநோய் உயிரணுக்களில் கரு சுருங்கிற்று, டி.என்.ஏ. இழை துண்டு துண்டாயிற்று. அணுவை அரிக்கும் ஆக்ஸிஜன் வேதிப்பொருள்கள் பெருகின. அவற்றிலிருந்து அணுவைக் காக்கும் குளூட்டாதயோன் குறைந்தது. சாவைத் தடுத்து நிற்கும் பி.சி.எல்.-2 என்னும் புரதமும் தாழ்ந்தது. இவை யாவும் திட்டமிட்ட சாவின் அடையாளங்கள். அதாவது, மறந்த விதி அவ்வுயிரணுக்களுக்கு நினைவூட்டப்பட்டது. குடல் உயிரணுக்களிலோ, ஆக்ஸிஜன் வேதிப்பொருள்களிலும் குளூட்டாதயோனிலும் மாற்றமே இல்லை. ஆகவே இச்சாரம் சிலவகைப் புற்றுநோய் உயிரணுக்களை மட்டுமே தெரிந்து தாக்கக்கூடும் என்று அவ்வறிஞர்கள் அளவாகச் சொல்லி நிறுத்தினர்.

இது போற்றத்தக்க ஆராய்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும், 'சீத்தாப்பழம் புற்றுநோயைக் குணமாக்கும்' என்று அவர்கள் எங்கும் கூறவில்லை. கண்ணாடித் தட்டுக்கும் மனித உடலுக்கும் இடையே வாயில்கள் பல உள. அவற்றுள் நான்கை மட்டும் கூறுகிறேன்.

முதல் வாயில், சோதனையின் நேர்மை. ஊதாச் சாயச் சோதனை எளிதாயினும் ஏமாற்றக்கூடியது. நெல்லி போன்ற பழங்களின் சாரத்திலுள்ள சில பொருள்கள், உயிரணுவே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக மாற்றிவிடும். அப்போது மாண்ட அணுக்கள் உயிரோடிருப்பது போலத் தோன்றும். கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களோ, புரதங்களையெல்லாம் திரளச் செய்து, குறிப்பிட்ட நோய் உயிரணுவைத் தாக்குவது போன்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்கும். ஆகையால் நல்ல ஆய்வாளர் ஒரே சோதனையை நம்பாமல், வெவ்வேறு வழியில் இரண்டு மூன்று முறை உறுதிசெய்வர்.

இரண்டாம் வாயில், உயிரணுவின் அடையாளம். மார்புப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனை ஏற்று வளரும் வகை உண்டு, எம்.சி.எஃப்.-7 அவ்வகையைச் சேர்ந்தது. அச்சுரப்பைச் சாராத, சிகிச்சைக்கு எளிதில் வசப்படாத வகையும் உண்டு. ஒன்றை அடக்குவது மற்றொன்றையும் அடக்கும் என்பதற்கு உறுதியில்லை. இதனினும் விந்தையான செய்தி ஒன்று. எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்னும் குலத்தை மார்புப் புற்றுநோய் என்றே கருதி, உலகெங்கும் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். பின்னர் மரபுக்கூறுகளை ஒப்பிட்டபோது, அது தோலில் எழும் மெலனோமா என்னும் வேறொரு புற்றுநோயின் உயிரணு என்று தெரிந்தது. ஆய்வுக்கூடத்துப் புட்டியின் மேலுள்ள சீட்டைக் கூடச் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாம் வாயில், அளவு. ஒரு மில்லிலிட்டர் நீரில் 100 மைக்ரோகிராம் சாரம் இருந்தால் பாதி உயிரணுக்கள் மாள்கின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதே செறிவை இரத்தத்தில் எட்டுவதற்கே 500 மில்லிகிராம் உலர்ந்த சாரம் தேவை. அதுவும் வயிற்றில் சிதையாமல், ஈரலில் மாறாமல், சிறுநீரில் கழியாமல், தசையிலும் கொழுப்பிலும் பரவாமல், நாட்கணக்கில் இரத்தத்திலேயே நிலைத்திருக்க வேண்டும். நடக்கக்கூடிய காரியமா? தட்டிலுள்ள உயிரணுவுக்கோ வயிறுமில்லை, ஈரலுமில்லை; இட்டது முழுதும் நேரே அதன்மேல் படுகிறது.

நான்காம் வாயிலே எல்லாவற்றினும் பெரிது. தீயதைக் கொல்வது நல்லதை விட்டுவைக்குமா? சவர்க்கார நீரை ஊற்றினாலும் தட்டிலுள்ள புற்றுநோய் உயிரணுக்கள் மாளும். அதனால் சவர்க்காரம் மருந்தாகிவிடாது. சீத்தா விதையில் உள்ள அசிட்டோஜெனின் என்னும் பொருள்கள், உயிரணுவின் உலைக்களமாகிய மைட்டோகாண்டிரியாவைத் தாக்கி, அதன் ஆற்றல் உற்பத்தியை முடக்குகின்றன. உலைக்களம் நல்ல உயிரணுவுக்கும் உண்டல்லவா? நம் கிராமங்களில் இவ்விதையை அரைத்துப் பேன் போக்கத் தலையில் பூசுவதுண்டு. அது கண்ணில் பட்டு, கருவிழி புண்ணாகி, மருத்துவமனையை நாடிவந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கின்றனர். பேனைக் கொல்லும் அதே வீரியம் கண்ணையும் எரிக்கிறது.

சீத்தாவின் இனத்தைச் சேர்ந்த முள்சீத்தாவைப் பற்றியும் ஒரு சொல். கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில், நடுக்குவாதத்தை ஒத்த, ஆனால் வழக்கமான மருந்துக்கு அடங்காத நரம்பு நோய் மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் கண்டு, 1999இல் அறிவித்தனர். அந்நோயாளிகள் முள்சீத்தாப் பழத்தையும், அதன் இலைத் தேநீரையும் நெடுநாள் மிகுதியாக உட்கொண்டவர்கள். அசிட்டோஜெனின்களுள் ஒன்றாகிய அன்னோனாசினை எலிகளுக்குச் செலுத்தியபோது மூளை நரம்பணுக்கள் பழுதுற்றன. மனிதரிடம் நோய்க்குக் காரணம் இதுவே என்று அறுதியிட்டு உரைப்பதற்கில்லை. எனினும் எச்சரிக்கைக்கு இது போதும். எப்போதாவது சுவைக்கும் பழத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை. இலையையும் விதையையும் மருந்தென்று எண்ணி நாள்தோறும் குடிப்பதற்கே அஞ்ச வேண்டும்.

முள்சீத்தா 'புற்றுநோய் மருந்தைவிடப் பதினாயிரம் மடங்கு வலியது' என்னும் செய்தி உங்களில் பலருக்கு வந்திருக்கும். இது முழுப் பொய்யன்று. மெய்யின் ஒரு துண்டு, இடம் மாறிப் பொய்யாயிற்று. 1996இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், முள்சீத்தா விதையிலிருந்து பிரித்த பல பொருள்களுள் ஒன்று, குடல் புற்றுநோய் உயிரணுக் குலம் ஒன்றின்மேல், கண்ணாடிக் கலத்தில், அட்ரியாமைசின் என்னும் மருந்தைக் காட்டிலும் பதினாயிரம் மடங்கு வீரியம் காட்டிற்று. ஒரு பொருள், ஒரு குலம், ஒரு கலம். செய்தி பரவியபோது பொருள் பழமாயிற்று. குலம் எல்லாப் புற்றுநோயுமாயிற்று. கலம் மனித உடலாயிற்று. ஐதராபாத் சோதனையிலோ, இனமரத்தின் விதைச்சாரம் தோற்றுப்போனது வேறொரு குடல் உயிரணுக் குலத்திடமே என்பதை இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியாயின் இச்சோதனைகளால் பயனில்லையா என்று கேட்கலாம். பயன் உண்டு; அவை தேடலின் முதற்படி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 1960 முதல் 1982 வரை, ஏறத்தாழ 35,000 தாவர வகைகளிலிருந்து எடுத்த 1,14,000 சாரங்களைச் சலித்துப் பார்த்தது. அவற்றுள் மருத்துவமனை வரை வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்ஸால் அச்சிலவற்றுள் ஒன்று. மலையைச் சலித்துப் பொன்மணி எடுப்பது போன்றது இத்தொழில். சல்லடையில் தங்கியது அனைத்தும் பொன்னன்று. ஆனால் சல்லடையே இல்லையெனில் பொன்னும் இல்லை.

நம் தமிழகத்திலும் இத்தேடல் நடைபெறுகிறது. சேங்கொட்டையைக் கொண்டு சித்த மருத்துவர்கள் சுத்திசெய்து ஆக்கும் நெய்யை, சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள் மார்புக் கட்டி உண்டாக்கிய எலிகளிடம் சோதித்துப் பல கட்டுரைகள் எழுதினர். மார்புப் புற்றுநோய் உயிரணுக் குலமொன்றின்மேல் சேங்கொட்டைச் சாரத்தின் செயலையும் 2007இல் வெளியிட்டனர். கடுக்காய்ச் சாரம் மார்புப் புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பதைப் பின்லாந்து நாட்டவர் 2002இல் கண்டனர். நம் பாட்டிமார் அறிந்த காய்களை உலகம் ஆராய்வது நமக்குப் பெருமையே. சித்த மருத்துவம் சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடலாகாது என்று விதித்திருப்பதும் நினைக்கத்தக்கது. வீரியமுள்ளது எதுவோ, அது தீங்கும் செய்ய வல்லது என்பதை நம் முன்னோரும் உணர்ந்திருந்தனர்.

இனி, கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்க்கும் சகோதரிகளுக்கும் சில வார்த்தைகள். பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், உடல்நலக் குறைவை வெளியே சொல்லத் தயக்கம் இரட்டிப்பாகிறது. மார்பைப் பற்றிய நோய் என்பதால் ஒரு கூச்சம். மருத்துவரிடம் தெலுங்கிலோ உருதுவிலோ எப்படி விளக்குவது என்பது மற்றொரு கூச்சம். 'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆறு மாதம் தள்ளிப்போகிறது. இடையில் உறவினர் ஒருவர் அன்பு மேலீட்டால் ஒரு பழச்சாற்றையோ, ஒரு சூரணத்தையோ அனுப்பிவைக்கிறார். வலியில்லாத கட்டி மெல்ல வளர்கிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது என்பதே இந்நோயின் வஞ்சகம்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு அல்லது தடிப்பு, காம்பு உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆயினும் எது அல்ல என்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே. ஐதராபாத்தில் ரெட் ஹில்ஸ் பகுதியிலுள்ள மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் மருத்துவமனை அரசினருடையது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரிய முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. எங்கு செல்வது என்பதினும், எப்போது செல்வது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாக்குகிறது. குணப்படுத்தக்கூடிய நிலையில் மார்புப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களுள், அறுவை, கதிர், மருந்து ஆகிய சிகிச்சைகளை மறுத்து மாற்று முறைகளை மட்டும் நம்பியோர் இறக்கும் வாய்ப்பு, முறையான சிகிச்சை பெற்றோரைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்ட இலையும் பழமும் அவர்களைக் கொன்றன என்று கூறுவதற்கில்லை. அவை தின்றது காலத்தை. காலம் தவறியதால் நோய் வென்றது.

சிகிச்சையில் இருப்பவர்கள் பழம் உண்ணலாகாதா? தாராளமாக உண்ணலாம். நெல்லி, நாவல், மாதுளை, கொய்யா, சீத்தாவின் சதை யாவும் நல்ல உணவு. சிகிச்சையால் தளர்ந்த உடலுக்கு உணவே பெருந்துணை. நீரிழிவு உடையோர் இனிப்பு மிகுந்த பழங்களின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. ஆனால் செறிந்த சாரம், பொடி, மாத்திரை என்னும் வடிவில் எதை உட்கொண்டாலும் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. சில மூலிகைப் பொருள்கள் ஈரலின் வேலையை மாற்றி, மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றியோ இறக்கியோ விடும். மருத்துவர் சினப்பார் என்று அஞ்சி மறைப்பது, வழிகாட்டியிடம் பாதையை மறைப்பதற்கு ஒப்பாகும்.

உப்பல் சாலை ஆய்வுக்கூடங்களில் இன்றும் இளைஞர் பலர் 96 குழித் தட்டின்மேல் குனிந்து அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோரும் உண்டு. அவர்கள் சோதிக்கும் சாரங்களில் பெரும்பாலானவை வீணாகும். அதை அறிந்தே அவர்கள் உழைக்கின்றனர். ஏதோ ஒரு குழியில் தோன்றும் சிறு மாற்றம், இருபது முப்பது ஆண்டுகளுக்குப்பின் நம் பேத்திமார்க்கு மருந்தாகலாம். அந்த மருந்து வரும்வரை காத்திருக்கும் பொறுமை விஞ்ஞானத்துக்கு வேண்டும். கட்டியைக் கண்ட பெண்ணுக்கோ காத்திருத்தல் ஆகாது. அவளுக்கு வேண்டிய சிகிச்சை இன்றே, இந்நகரிலேயே இருக்கிறது. அறிந்த சிகிச்சையை அவள் இன்றே பெறட்டும். அறியாததை ஆய்வாளர் தேடட்டும்.

சீத்தாப்பழக் காலத்தில் பழத்தை உண்டு மகிழுங்கள். விதையை ஆய்வாளர்க்கு விட்டுவிடுங்கள்.